பெயர் மறைந்த பாட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

வரலாறு என்றதும் போர்களும் உடன்படிக்கைகளும் முடிசூட்டு விழாக்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடல் கடந்து சென்று, மொழி தெரியாத ஊரில் பத்துப் பன்னிரண்டு ஆண்களுக்குச் சமைத்துப் போட்டு, பிள்ளைகளை ஆளாக்கி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய், பேரப்பிள்ளைகளின் கண்முன்னே கண்ணை மூடிய ஒரு கிழவிக்கு எந்த வரலாற்று நூலில் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்? 1880 முதல் 1914 வரையிலான ஆண்டுகளில் ஹங்கேரியிலிருந்து அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குச் சென்ற பெண்களைப் பற்றியது இக்கட்டுரை. இதில் வரும் பாட்டி ஒருத்தி அல்லள். அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்கும் பொதுவாக அமைந்த வாழ்க்கையையே ‘பாட்டி’ என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிச் சொல்லப் புகுந்தேன்.

அக்காலத்தில் ஹங்கேரி தனி நாடன்று. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பாதி. நிலத்தின் பெரும்பகுதி பிரபுக்களிடமும் திருச்சபையிடமும் இருந்தது. கையகல நிலம் வைத்திருந்தவனும், அதுவும் இல்லாத கூலியாளும் வடகிழக்கு மாவட்டங்களான அபாவுய், செம்ப்ளேன், உங் ஆகிய பகுதிகளிலிருந்து முதலில் புறப்பட்டனர். முதல் உலகப் போருக்குள் அந்த அரசின் எல்லைக்குள்ளிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமெரிக்கா சென்றனர். எல்லோரும் ஹங்கேரிய மொழி பேசியவர்கள் அல்லர். ஸ்லோவாக்கியர், ருமேனியர், ஜெர்மானியர், ருத்தேனியர் எனப் பலரும் அதில் அடங்குவர்.

போன ஆண்களின் திட்டம் எளிமையானது. மூன்று நான்கு ஆண்டு சுரங்கத்திலோ இரும்பாலையிலோ உழைப்பது, பணத்தைச் சேர்ப்பது, ஊர் திரும்பி நிலம் வாங்குவது. கணிசமானோர் அவ்வாறே திரும்பியும் போயினர். ஆகவே ஆண் சென்றதைக் குடியேற்றம் என்று சொல்ல முடியாது. அது வெளியூர் வேலை. ‘நீயும் புறப்பட்டு வா’ என்று மனைவிக்குக் கப்பல் சீட்டு அனுப்பிய அன்றுதான் அவன் அமெரிக்காவில் குடியேறினான். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே சொல்லப்போவன எல்லாம் எளிதில் விளங்கும்.

1904 முதல் குனார்டு கப்பல் நிறுவனம் ஹங்கேரிய அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி பியூமே துறைமுகத்திலிருந்து நியூயார்க்குக்குக் கப்பல் விட்டது. (பியூமே இன்று குரோவேஷியா நாட்டில் ரியேக்கா என்ற பெயரில் இருக்கிறது.) அந்த வழியில் ஓடிய கப்பல்களுள் ஒன்றின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியும்: கார்பாத்தியா. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்ட அதே கப்பல்தான். அன்று அது நியூயார்க்கிலிருந்து பியூமேயை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. டைட்டானிக்கின் செல்வந்தர்களைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. கார்பாத்தியாவின் கீழ்த்தளத்தில் தலையணை மெத்தையும், செபப் புத்தகமும், கைக்குழந்தையுமாக ஆண்டுதோறும் கடல் கடந்த பெண்களைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் மருத்துவச் சோதனையும் விசாரணையும் முடிந்து, இரயிலேறிக் கணவன் இருக்கும் ஊருக்கு அவள் வந்து சேர்ந்தாள். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊர்கள், பிட்ஸ்பர்க்கைச் சுற்றிய இரும்பாலைகள், ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து, டொலீடோ ஆகியவை அவர்கள் பெருகிய இடங்கள். 1920 வாக்கில் கிளீவ்லாந்தில் மட்டும் சுமார் 43,000 ஹங்கேரியர் இருந்தனர். ‘புடாபெஸ்டுக்கு அடுத்த பெரிய ஹங்கேரிய நகரம் இதுதான்’ என்று அவ்வூரார் பெருமை பேசுவது உண்டு. அது கொஞ்சம் மிகைதான். ஆனாலும் ஊர்ப்பெருமை பேசுகிறவர்களிடம் யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள்?

வந்திறங்கிய மறுநாளே அவளுக்கு வேலை காத்திருந்தது. ஆங்கிலத்தில் பணம் கொடுத்து உண்டு தங்குவதைக் குறிக்கும் ‘போர்டு’ என்னும் சொல்லிலிருந்து அமெரிக்க ஹங்கேரியர் ‘புர்தோஷ்’ என்று ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டனர். ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவ்வீட்டுப் பெண்ணின் கையால் உண்ணும் தனியாளுக்கு அது பெயர். இரண்டு மூன்று அறைகள் உள்ள வீட்டில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் என்று புர்தோஷ்கள் இருப்பார்கள். ஆலையில் 12 மணி நேர முறை. பகல் வேலைக்காரன் எழுந்து போன கட்டிலில் இரவு வேலைக்காரன் வந்து படுப்பான். கட்டிலுக்கு ஓய்வில்லை. கட்டிலுக்கே இல்லையென்றால் அவளுக்கு ஏது? பகல் வேலைக்குப் போகிறவனுக்கு விடியுமுன் உணவு கட்ட வேண்டும். இரவு வேலை முடிந்து வருபவனுக்குக் காலையில் சுடுநீரும் சாப்பாடும் வேண்டும். கரி படிந்த துணிகளைக் கையால் தேய்த்துத் துவைக்க வேண்டும். பல குடியிருப்புகளில் முற்றத்துக் குழாய் ஒன்றையே பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. பெரிய அமெரிக்க இரும்பு நிறுவனங்கள் 12 மணி நேர முறையைக் கைவிட்டது 1923இல்தான்.

பிட்ஸ்பர்க்கை அடுத்த ஹோம்ஸ்டெட் என்னும் ஆலை ஊரை ஆராய்ந்து மார்கரெட் பையிங்டன் என்ற அம்மையார் 1910இல் ஒரு நூல் வெளியிட்டார். கிழக்கு ஐரோப்பியர் வீடுகளில் தங்குவோர் இடத்துக்கும் சமையலுக்கும் துவைப்பதற்கும் சேர்த்து ஆளுக்கு மாதம் சுமார் 3 டாலர் கொடுத்ததாக அதில் காண்கிறோம்; மளிகைச் செலவு தனி. பத்துப் பேர் என்றால் 30 டாலர். ஆலைக் கூலியாள் ஒருவனின் மாத வருமானத்தில் பெரும்பகுதிக்கு அது சமம். குடும்பம் கடனின்றி நடந்ததும், வீடு வாங்கியதும் இந்தப் பணத்தால்தான். ஆனால் அக்கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் இத்தகைய மனைவியர் பலருக்குத் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறார்கள். களையெடுக்கப் போகும் தாய்மாரை நம்மூர்ப் படிவங்களில் ‘இல்லத்தரசி’ என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அந்தக் கணக்கைச் சேர்ந்ததே. ‘தியாகத்தின் திருவுருவம்’ என்று நாம் மேடைகளில் முழங்குவது எளிது. கூலி எழுதப்படாத வேலை என்று சொன்னால் உண்மைக்கு இன்னும் அருகில் வரும்.

அவளுடைய பக்தியைப் பற்றிச் சொல்லுமுன் 1907 டிசம்பர் 19ஆம் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் ஜேக்கப்ஸ் கிரீக் என்ற ஊரில் டார் சுரங்கம் வெடித்து 239 பேர் மாண்டனர். அவர்களுள் ஹங்கேரியர் ஏராளம். ஆனால் அன்று வேலைக்கு வராததால் பிழைத்தவர்களும் பலர் இருந்தனர். பழைய நாட்காட்டியைப் பின்பற்றிய கீழைத்திருச்சபைத் தொழிலாளர்களுக்கு அன்று புனித நிக்கோலாஸ் திருநாள். அவர்கள் சுரங்கத்துக்குப் போகாமல் கோயிலுக்குப் போயிருந்தார்கள். இதைக் கடவுள் செயல் என்பதா, தற்செயல் என்பதா என்ற வாதத்துக்குள் நான் புக விரும்பவில்லை. ஆனால் அந்த ஊர்ப் பெண்களுக்குத் திருநாள் அனுசரிப்பது எவ்வளவு கனமான செய்தியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். இறந்தவர்களின் மனைவியர் நிலை என்ன? பென்சில்வேனியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1915இல். அதுவரை, கணவனை இழந்தவளுக்குத் தெரிந்த வழி இன்னும் இரண்டு புர்தோஷ்களைச் சேர்த்துக்கொள்வதுதான்.

இத்தகைய சாவுகளை எதிர்பார்த்தே ஆண்கள் முதலில் உதவிச் சங்கங்களை அமைத்தனர். 1886இல் ஹேசல்டன் என்னும் சுரங்க ஊரில் 13 தொழிலாளர்கள் கூடித் தொடங்கிய வெர்ஹொவாய் சங்கம் அவற்றுள் பெயர் பெற்றது. கோயில்கள் அதன் பின்னரே வந்தன: கிளீவ்லாந்தில் 1891இல் கால்வின் வழிச் சீர்திருத்தச் சபை, 1892இல் கத்தோலிக்கரின் புனித எலிசபெத் பங்கு. பின்னது அமெரிக்காவிலேயே முதல் ஹங்கேரியக் கத்தோலிக்கப் பங்கு. அதன் முதல் பங்குத்தந்தை காரோய் பேம் அடிகள்.

ஊரில் ஏற்கெனவே கத்தோலிக்கக் கோயில்கள் இருக்க, இவர்களுக்குத் தனிக் கோயில் எதற்கு என்று கேட்கலாம். பூசை அந்நாளில் எங்கும் இலத்தீனில்தான். அதில் வேற்றுமை இல்லை. ஆனால் பிரசங்கம் வேறு, பாட்டு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாகப் பாவசங்கீர்த்தனம் வேறு. மனத்தில் உள்ளதைத் தாய்மொழியில் சொல்லித்தான் அழ முடியும். தன் மொழி புரியாத குருவிடம் போய் அவள் எதைச் சொல்லுவாள்? சீர்திருத்தச் சபையினருக்கோ வழிபாடு முழுவதுமே தாய்மொழியில்தான். ஆக, கோயில் அவளுக்குத் தெய்வத்தின் வீடு என்பதோடு, வாரத்தில் ஒரு நாள் தன் மொழியில் தலைநிமிர்ந்து பேசக்கூடிய இடமாகவும் இருந்தது.

கிளீவ்லாந்துக் கோயிலுக்கு எலிசபெத்தின் பெயரை வைத்ததும் பொருத்தமே. 1207இல் பிறந்த ஹங்கேரிய இளவரசி அவர். நான்கு வயதிலேயே ஜெர்மானிய நாடான துரிங்கியாவுக்கு, மணம் பேசி அனுப்பப்பட்டார். இருபது வயதில் கணவனை இழந்தார். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் தொண்டு செய்து 24 வயதில் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1235இல், புனிதராக அறிவிக்கப்பட்டார். ஏழைகளுக்கு மடியில் மறைத்து எடுத்துச் சென்ற ரொட்டி, தடுத்துக் கேட்டபோது ரோஜா மலர்களாக மாறியது என்பது அவரைப் பற்றிய கதை. பிறந்த மண்ணை விட்டு வந்து அந்நிய நாட்டில் பிறர்க்கு ரொட்டி கொடுத்த பெண்! சுரங்க ஊர்ச் சமையற்கட்டில் நின்றவளுக்கு வேறு எந்தப் புனிதர் இவ்வளவு சொந்தமாகத் தோன்றியிருப்பார்?

கோயில் கட்டுவதற்கு ஆண்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். பட்ட கடனை அடைப்பதற்குப் பெண்கள் மாவு பிசைந்தார்கள். இதை நான் அணிக்காகச் சொல்லவில்லை. ‘சிகா’ என்று ஒரு பண்டம். ஹங்கேரிய மொழியில் நத்தை என்று பொருள். முட்டை சேர்த்துப் பிசைந்த கோதுமை மாவை மெல்லியதாக விரித்து, விரல் நகமளவு சதுரங்களாக அரிந்து, ஒவ்வொன்றையும் வரிவரியான பலகையின்மேல் சிறு குச்சியில் சுற்றி உருட்டினால் நத்தை ஓடு போல் ஒன்று கிடைக்கும். பழங்காலத்தில் தறியின் பண்ணையையே பலகையாகப் பயன்படுத்தினார்களாம். திருமண விருந்தின் கோழிச் சாற்றில் இதுதான் மிதக்க வேண்டும். ஒரு பானைச் சாற்றுக்கு எத்தனை நூறு நத்தைகள் வேண்டுமென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கோயிலின் கீழறையில் கிழவிகள் நீண்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சும் பாட்டுமாக இதை உருட்டி, உலர்த்தி, எடைபோட்டு விற்றுக் கோயில் நிதிக்குக் கொடுத்தார்கள். பல ஹங்கேரியச் சபைகளில் கூரை ஓட்டுக்கும் குளிர்கால அடுப்புக்கும் இப்படித்தான் பணம் வந்தது. ஊர்வம்பும் மொழியும் செபமும் சமையற் பக்குவமும் அந்த மேசையில்தான் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறின.

சமையல் என்றதும் வேதியியல் மாணவனாக ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஹங்கேரியச் சமையலின் உயிர் பாப்ரிக்கா என்னும் சிவப்பு மிளகாய்த் தூள். ஸெகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் ஸென்ட்-ஜியார்ஜி 1930களின் தொடக்கத்தில் உயிர்ச்சத்து ‘சி’யைப் பெருமளவில் பிரித்தெடுக்க ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். இரவு உணவுக்கு மனைவி வைத்த மிளகாயைத் தின்ன மனமில்லாமல் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1937இல் நோபல் பரிசு வந்தது. (பரிசில் அந்த அம்மையாருக்கும் பங்குண்டு என்பது என் கட்சி.) மிளகாயின் பிறப்பிடமோ அமெரிக்கக் கண்டம். போர்ச்சுகீசியர் வழியாக நம் அம்மிக்கு வந்த அதே செடி, துருக்கியர் ஆட்சிக் காலத்தில் ஹங்கேரிக்குப் போய், நம் பாட்டியின் மூட்டையில் தூளாகி மீண்டும் அமெரிக்காவுக்கே வந்து சேர்ந்தது.

இனி அவள் பெயருக்கு வருவோம். ஹங்கேரியர் நம்மவரைப் போலவே குடும்பப் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுவர். ஒருவர் பெயர் கொவாச் யானோஷ் என்று வைத்துக்கொள்வோம். கொவாச் என்றால் கொல்லர். அவர் மனைவி கொவாச் யானோஷ்நே. ‘நே’ என்னும் விகுதிக்கு ‘மனைவி’ என்று பொருள். அவளுக்குப் பெற்றோர் இட்ட பெயர் இதில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. கோயில் நன்கொடைப் பட்டியலிலும் சங்க ஏட்டிலும் பல இடங்களில் கல்லறைக் கல்லிலும் அவள் ஒரு விகுதியாகவே நிற்கிறாள்.

மொழியைத் தொட்டதால் இன்னொன்று. ‘ஹாஸ்’ என்றால் வீடு. ‘ஹாஸம்’ என் வீடு. ‘ஹாஸம்பன்’ என் வீட்டில். தமிழைப் போல ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும் மொழி அது. தந்தையை ‘அபா’ என்கிறார்கள். உடனே ‘ஹங்கேரியரும் தமிழரே’ என்று பட்டிமன்றத்துக்குக் கிளம்பும் நண்பர்களைக் கைகூப்பி வேண்டிக்கொள்கிறேன். பின்லாந்து மொழிக்குத் தூரத்து உறவான வேறு குடும்பம் அது. ஆனால் பாட்டிக்கு அவர்கள் சொல்லும் ‘நஜ்மமா’ என்பதைப் பிரித்தால் ‘பெரிய அம்மா’ என்று வருவது கேட்க இனிமையாக இருக்கிறது.

திரும்பிப் போகலாம் என்ற நினைப்பை 1920 முடித்து வைத்தது. போரில் தோற்ற ஹங்கேரி, திரியானோன் உடன்படிக்கையால் தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அவள் பிறந்த ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிவிட்டது. காஷ்ஷா, கோஷிட்சே ஆயிற்று. உங்வார் நகரம் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய், 1938இல் மீண்டும் ஹங்கேரியாகி, இரண்டாம் உலகப் போருக்குப்பின் சோவியத்தாகி, 1991 முதல் உக்ரைனாக இருக்கிறது. மறுபக்கம் அமெரிக்கா 1924இல் குடிவரவுச் சட்டத்தைக் கடுமையாக்கி, ஹங்கேரிக்கு ஆண்டுக்கு 473 பேர் என்று அளவு வைத்தது. தங்கையை அழைத்துக்கொள்ளவும் முடியாது. தாயைப் பார்க்கப் போகவும் கையில் காசில்லை. எஞ்சியிருந்தது கடிதம் ஒன்றுதான்.

1956இல் புடாபெஸ்டில் எழுந்த கிளர்ச்சியைச் சோவியத்துப் படைகள் நசுக்கியபோது சுமார் இரண்டு இலட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினர். அவர்களில் ஏறத்தாழ 38,000 பேர் அமெரிக்கா வந்தனர். பலரும் படித்த இளைஞர்கள். பழைய பங்குக் கோயில்களில் கிழவிகள் அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து வரவேற்றனர். ஆனால் இரு தரப்பாரும் பேசிய ஹங்கேரிய மொழி ஒன்றாக இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சிற்றூர்ப் பேச்சில் ‘புர்தோஷ்’ போன்ற அமெரிக்கச் சொற்கள் கலந்திருந்ததைக் கேட்டு வந்தவர்கள் சிரித்தார்களாம். சிரித்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சிக்கு அந்தப் பேச்சு பேசியவர்கள்தாம் பணம் கட்டியிருந்தார்கள்.

1945இல் அமெரிக்கப் படையினர் வசம் வந்து, பின்னர் ஃபோர்ட் நாக்ஸ் கோட்டையில் காக்கப்பட்ட புனித ஸ்தேவான் மணிமுடியை 1978 ஜனவரியில் அமெரிக்க அரசு ஹங்கேரிக்குத் திருப்பிக் கொடுத்தது. கடவுளை மறுக்கும் ஆட்சியிடம் புனிதரின் முடியைக் கொடுப்பதா என்று அமெரிக்க ஹங்கேரியர் பலர் எதிர்த்தனர். தாய்நாட்டுப் பற்றும் சமயப் பற்றும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற நேரம் அது.

ஆனால் அவளுக்குக் கிடைத்த பெரிய இழப்பு வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. பிள்ளைகள் ஹங்கேரிய மொழி பேசி ஆங்கிலம் படித்தனர். பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் மட்டுமே பேசினர். அவர்கள் படித்து முன்னேற வேண்டுமென்று உழைத்தவள் அவளே. அந்தப் படிப்பே அவளையும் அவர்களையும் ஒரே மேசையில் ஊமைகளாக உட்கார வைத்தது. கடைசியில் பேரப்பிள்ளைகளிடம் தங்கியவை செபத்தின் முதல் வரியும், சில தின்பண்டங்களின் பெயர்களும்தாம். நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் நம்மைப் போன்றவர்கள், வகுப்பில் எழுதியதை வீட்டிலுள்ள பாட்டிக்குச் சொல்லிப் பார்த்தால் இந்தத் தூரம் எவ்வளவென்று தெரியும்.

பங்குகளும் சுருங்கின. கிளீவ்லாந்தின் மேற்குப் பகுதியிலிருந்த ஹங்கேரியரின் புனித எமெரிக் கோயிலை மறைமாவட்டம் 2010இல் மூடியது. பங்கு மக்கள் ரோமாபுரி வரை முறையிட்டனர். 2012இல் கதவு மீண்டும் திறந்தது.

2011 முதல் ஹங்கேரிய அரசு, அயல்நாட்டிலுள்ள ஹங்கேரிய வழித்தோன்றல்களுக்கு எளிய முறையில் குடியுரிமை வழங்கி வருகிறது. அதற்கு இரண்டு வேண்டும். ஒன்று, ஹங்கேரிய மொழி பேசத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டி சமையற்கட்டில் இலவசமாகப் பேசிய மொழியை இப்போது கொள்ளுப்பேரர்கள் கட்டணம் கட்டிக் கற்கிறார்கள். மற்றொன்று, மூதாதையர் ஹங்கேரியர் என்பதற்குச் சான்று. பாட்டி வழி உரிமை கேட்பவர்களுக்குக் ‘கொவாச் யானோஷ்நே’ போதாது. ஸ்லோவாக்கியாவிலோ உக்ரைனிலோ இருக்கும் ஒரு சிற்றூரின் பழைய திருமுழுக்கு ஏட்டைப் புரட்டி, திருமணத்துக்கு முன் அவளுக்கு இருந்த பெயரை அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.